பொழப்பு கெடாம

உயிரோடு இருந்த ஒருவரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாகடித்தவள் நான். கத்தியெல்லாம் எடுக்கவில்லை. எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அவ்வளவுதான். காலையில் சாவு, மத்தியானம் ஊர்வலம், சாயங்காலம் விருது என்று மூன்றும் அவருக்கு ஒரே திங்கட்கிழமையில் நடந்தன. இப்போது நினைத்தால், சாப்பிட்டுவிட்டுக் கடை நாற்காலியிலேயே கண்ணசந்தபோது கண்டது மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்ததுதான். எங்கள் அப்பாவே சாட்சி. அவர் பொய் சொல்ல மாட்டார், அதுவும் எனக்காகச் சொல்லவே மாட்டார்.

அந்த அக்காவின் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேர எதுக்கு எழுதின? நாலு பேர் பாக்கறேன்னு வந்து நின்னா அன்னிக்கிப் பொழப்பு கெடுமே" என்பார். பொழப்பு கெடக் கூடாது. அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். சாமி பேரைக்கூட அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஸ்டாப்பில் இறங்கினால் இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் ஊர். ஒரே ஒரு தார் ரோடு. அது ஊருக்குள் நுழைந்து எங்கள் வீட்டு கேட்டை உரசிக்கொண்டு போய், ஏரிக்கரைச் சுடுகாட்டில் முடியும். நாங்கள் ஊர், அக்கா காலனி. எங்களுக்கு நிலம் இருந்தது, அவர்களுக்குக் கை இருந்தது. எங்கள் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், விதை போடுவது, களை எடுப்பது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குவது எல்லாம் அவர்கள்தான். எங்கள் வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவ" என்பார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

அவரை முதலில் சரியாகப் பார்த்தது ஒரு சர்க்கார் ஆபீஸில். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். வருமானச் சான்று வாங்கப் போயிருந்தேன். மார்கழி மாதம், பனி விலகாத காலை. வராண்டா முழுக்கத் தார்ப்பாய் விரித்து ஒன்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பட், பட், பட் என்று ஆபீஸ் முழுக்க அதே சத்தம். நடுவில் மூட்டைக்குச் சாய்ந்தபடி அக்கா. உள்ளேயிருந்து ஓர் ஆபீசர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, இது இன்னா ஆபீஸா, களத்துமேடா?"

"ஆபீஸ்தாங்க சார். நீங்க உங்க வேலையப் பாருங்க. நாங்க எங்க வேலையப் பாத்துக்கினு குந்தியிருக்கோம். யாரு பொழப்பும் கெடல."

விஷயம் இதுதான். காலனிக்காரர்களுக்கு வீட்டுமனைப் பட்டா வர வேண்டியிருந்தது. வந்து கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். மறுநாளும் வந்தால் வீட்டில் உலை கொதிக்காது. மூன்றாம் நாள் யாரும் வர மாட்டார்கள். காத்திருக்க வைத்தே ஏழைகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அந்த ஆபீஸுக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கும் தெரிந்திருந்தது. நிலக்காரர்களிடம் போய் விதை மூட்டையைக் கேட்டு வாங்கி, பஸ்ஸின் பின்படியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே உட்கார்ந்து உடைத்தால் நிலக்காரருக்கு என்ன, பருப்பு சேதமில்லாமல் வந்தால் சரி. உடைக்கிற கூலி வந்துவிடும், இனி எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். நாலாவது நாள் பட்டா கைக்கு வந்தது. வராண்டாவைக் கூட்டிப் பெருக்கி, தொலியை அடுப்புக்கு ஆகும் என்று மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வராண்டா அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்க்கவில்லை.

அது முதல் எங்கே அவரைப் பார்த்தாலும் மடியில் ஏதாவது வேலை இருக்கும். ரேஷன் கடை வரிசையில் அவரும் கூட வந்தவர்களும் புளி ஆய்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மல்லி கட்டுவார்கள். ஒருமுறை கூலிக்காரர்களின் உரிமையைப் பற்றிப் பேச மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தார். பதினோரு மணிக்குக் கூட்டம் என்றார். "பதினொரு மணிக்கு எங்காளுங்க கொல்லையில இருப்பாங்க சார், நீங்க அங்க வந்துடுங்க" என்று அக்கா அவரை வரப்பில் இறக்கிவிட்டார். அது எங்கள் கொல்லை. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டே வர, அந்த மனிதர் பேன்ட்டை மடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எட்டு மணி நேரம் என்றால் என்ன என்று பேசினார். வரப்பு மேல் குடையோடு உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாவும் முழுக்கக் கேட்டார். வேறு போக்கு? கொல்லை அவருடையது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் யாரோடும் பேசவில்லை. நான் மட்டும் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவேன். தினமும் காலை பஸ்ஸில் அக்காவும் ஏதாவது ஆபீஸ் வேலையாக வருவார், பக்கத்தில் இரண்டு மூன்று பெண்களோடு. ஜன்னலோரம் உட்கார்ந்து, சவுக்குத் தோப்புகள் பனியில் கரைந்து கரைந்து வருவதைப் பார்த்துக்கொண்டே போவார். நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெகுநாள் "ஏங்க" என்றே ஓட்டினேன்.

அப்புறம் அவருடைய அம்மா செத்துப்போனார்.

ஐப்பசி அடைமழை. மாடியில் தண்ணீர் தேங்கிவிட்டதென்று அடைப்பைக் குத்திவிட நான் ஏறியிருந்தேன். தூரத்தில் ஓடை இரு கரையும் புரண்டு ஓடியது. அதன் மேல் ஒரு பாடை தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. தூக்கியவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார்கள், மழையில் தலைகள் தெரியவில்லை. பூ மட்டும் தெரிந்தது, மஞ்சளும் சிவப்புமாக, மெல்ல ஆடி ஆடி. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம்.

காலனி ஆட்கள் உயிரோடு இருக்கும்வரை எங்கள் தெரு வழியாகத்தான் வேலைக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் அதே ரோடுதான். செத்தவர்கள் மட்டும் அந்த ரோட்டில் வரக் கூடாது, ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். யார் வைத்த சட்டம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் அவரவர் அப்பாவைக் கை காட்டுவார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா இருந்தார், பக்கத்தில் வழக்கம்போல இரண்டு பெண்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. இன்னிக்கே கெளம்பிட்டீங்களா?"

"இதுங்களுக்கு இன்னிக்கித்தான் ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்கு. எங்கம்மா செத்ததுக்கு இதுங்க பொழப்பு ஏன் கெடணும்?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திடீரென்று, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். "இந்த ரோட்டுல நான் தெனம் போறேன், வர்றேன். பஸ்ஸுல குந்திக்கினு சொகமா போறேன். எங்கம்மா போறதுக்கு ஒரே ஒரு நாளு வழி இல்ல. தண்ணியில பொணத்த நழுவ உட்டுடுவாங்களோன்னு வயித்தக் கையில புடிச்சிக்கினு கரையில நின்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா" என்று சொன்னேன். அதுதான் முதல் தடவை. அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அந்த ரோட்டில் பிணம் கொண்டுபோக வழி கேட்டு, விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தார். கொஞ்ச நாளில் பதில் வந்தது. பஸ்ஸில் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது பொதுச்சாலை, யாரும் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை என்று இருந்தது.

"போலாம்னு போட்டிருக்குக்கா."

"அது எனக்குந் தெரியும். போனா மறுநாள் எங்களக் கொல்லைக்குக் கூப்புடுவாங்களான்னு போட்டிருக்கா பாரு."

போட்டிருக்கவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன் எல்லாம் ஒருவர் கூலியும் கெடாமல் வாங்கித் தந்தவர். இந்த ரோட்டை மட்டும் அப்படி வாங்க முடியாது. ஒரு பிணம் எங்கள் தெருவில் வந்தால், ஊர்க்காரர்கள் சேர்ந்து மொத்தக் காலனிக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அதை நினைத்தே அவர் அடங்கிக் கிடந்தார். அந்த ஒரு வருஷத்தில் காலனியில் இன்னும் இரண்டு சாவு. இரண்டும் ஓடை வழியாகத்தான் போயின. கூட நடந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபமாகக்கூட வந்தது. ஆபீசரையே அசர வைத்த பொம்பளை, எங்கப்பாவுக்குப் போய்ப் பயப்படுவதா? என் சாப்பாட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லாததால் எனக்கு வீரம் சுலபமாக வந்தது என்பது அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விருது வந்தது. ஊர் ஊராக ஓசைப்படாமல் ஜனங்களுக்காக உழைக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, வருஷத்துக்கு ஒருமுறை மேடையேற்றுகிற குழு ஒன்று விழுப்புரத்தில் இருந்தது. பெரும்பாலும் ரிட்டையர் ஆன வாத்தியார்கள். அந்த வருஷம் கெடார் பக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் பக்கத்தில் அக்கா. அக்கா ஒரே நிபந்தனைதான் போட்டாராம். "ஆறு மணிக்கு மேல வைங்க. எங்காளுங்க வேல முடிச்சிக்கினுதான் வருவாங்க." சரி என்று வேனும் ஏற்பாடு செய்தார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நல்லதாகச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததிலேயே அழகான டிசைன், நீல வானமும் வெள்ளை மேகமும், மேகத்துக்கு நடுவே வட்டத்தில் போட்டோவும், சுற்றி மல்லிகைச் சரமும். கண்ணீர் அஞ்சலிக்கு நான் வழக்கமாகப் போடுவது அது. எழுத்தை மாற்றினால் யாருக்குத் தெரியும் என்று எடுத்துவிட்டேன். கீழே இரண்டு தேதிக் கட்டம் இருந்தது. ஆதார் காப்பி கையில் இருந்ததால் இடது பக்கம் பிறந்த தேதி, வலது பக்கம் விழாத் தேதி. "பாராட்டு விழா" என்பதை அடியில் பெரிதாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டியவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கட்டிவிட்டுப் போனார்கள். அடியில் இருந்த எழுத்து மறைந்துபோனது. மேகம், போட்டோ, பேர், இரண்டு தேதி, இவ்வளவுதான் வெளியே தெரிந்தன.

திங்கட்கிழமை மத்தியானம் எதிர்ப் பூக்கடைக்காரர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பாவம்மா. உங்க ஊரு அம்மா பூட்டாங்களாமே. காத்தாலேருந்து மாலைக்கு ஆளு மேல ஆளு. மொத்தக் கடையும் காலி."

 எழுந்து ஓடிப்போய் ஜூஸ் கடை எதிரில் நின்று பார்த்தேன். அட கடவுளே! நானே கை கூப்பிவிடுவேன் போல இருந்தது, அவ்வளவு லட்சணமாகச் செத்திருந்தார்.

போன் அடித்தேன், அணைந்திருந்தது. அன்று யாருக்கோ பென்ஷன் மனு கொடுக்க விழுப்புரம் போயிருந்தார், அவருடைய பட்டன் போனில் சார்ஜ் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடினேன். எங்கள் ஊர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அக்கா உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தார்.

"வா, வா. இன்னா இன்னிக்கி ஜல்தியா கெளம்பிட்ட?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது? பாதி வழி தாண்டிவிட்டது. வெயிலில் கண் கூசியது, பஸ் தூங்கி வழிந்தது. கடைசியில் போனில் படத்தை எடுத்துக் காட்டிவிட்டேன். சிரித்தார் பாருங்கள், டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான்டி இருக்கேன், மேகத்துல குந்திக்கினு. எங்காளுங்க பாத்திருந்தா அலறியிருக்கும். நல்லவேள, எல்லாம் வேலைக்குப் போயிருக்குங்க."

பஸ் வளைவில் திரும்பியது. ஸ்டாப்பில் கூட்டம் தெரிந்தது. புளியமரத்தடியிலும் ரோட்டிலும் ஜனம். செங்கல் சூளையிலிருந்து செம்மண் கையோடு வந்தவர்கள், கொல்லையில் பிடுங்கின மல்லாட்டையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தவர்கள், குயிலாப்பாளையத்துக் கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற பெண் யூனிஃபார்மோடு. எல்லார் கையிலும் மாலை. நடுவில் பச்சை மூங்கிலில் புதிதாகக் கட்டிய பாடை. உடம்பு விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா படியிலிருந்து இறங்கினார்.  ஒரு கிழவி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரே கூச்சல், சிரிப்பு, அழுகை. ஆளாளுக்கு அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது? யாரு செத்தது?"

"நீதான்" என்றாள் ஒருத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

அக்கா அவள் கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இன்னிக்கி ஒருத்தியும் வேலையில நிக்கலையா?"

"நல்லா கேட்ட போ. நீ செத்துக் கெடக்கற, நாங்க போயி மல்லாட்ட புடுங்குவோமா?"

"சூளையில?"

"சூளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்ன ஓடையில தூக்கிக்கினு போவக் கூடாது, ரோட்டுலதான் தூக்கணும்னு முடிவு பண்ணிட்டோம். அப்பறம் வேல குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டிப் போவட்டும்."

அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கோசரமா? எனக்கோசரம் பொழப்பக் கெடுத்துக்கினு வந்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அம்மா செத்த மறுநாள்கூட அழாதவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. நான் செய்த தப்புக்காக மன்னிப்புக் கேட்க வந்தவள், எதற்குக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

பாடை கட்டின தாத்தா ஒருவர் இருந்தார். காலனியில் யார் செத்தாலும் அவர்தான் கட்டுவார். அவர் தொண்டையைக் கனைத்தார். "அழுதது போதும். இதுக்கு ஒரு வழி சொல்லு. கட்டின பாடையப் பிரிக்கக் கூடாது. திருப்பி வூட்டுக்கும் எடுத்துக்கினு போவக் கூடாது. பிரிச்சா மூணு சாவு உழும். சுடுகாட்டுக்குப் போயித்தான் தீரணும்."

அது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரிலும் உண்டு, காலனியிலும் உண்டு.  அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடையைப் பார்த்தார். எழுந்து, கையில் கிடைத்த மாலைகளை வாங்கி வாங்கி அதன்மேல் போட்டார்.

"சரி, தூக்குங்க. எங்கம்மாவப் பாத்துட்டு வருவோம்" என்றார். "ரோட்டுல."

அந்த நடை என் கண்ணிலேயே நிற்கிறது. மேளம் இல்லை, வெடி இல்லை. நாலு பேர் தோளில் பூ மட்டும் போனது. முன்னால் செத்தவரே நடந்து போனார், தினமும் நடக்கிற அதே நடை. மத்தியான வெயிலில் தார் ரோடு தண்ணீர் மாதிரி அலையடித்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கையிலும் யாரோ ஒரு மாலையைத் திணித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு அப்பா நடுரோட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே அக்கம்பக்கத்து ஆண்கள்.

"நில்லு. யாரு செத்தது?"

"யாரும் சாவலீங்க" என்றார் அக்கா.

"நீ செத்துட்டன்னு காத்தாலயே சொன்னாங்க."

"நானும் இப்பதாங்க கேள்விப்பட்டேன்."

"அப்ப பாடையில யாரு?"

"யாரும் இல்லீங்க. மாலதான். எட்டிப் பாத்துக்கோங்க."

அப்பா நிஜமாகவே எட்டிப் பார்த்தார். செத்தவர் வரக் கூடாது என்றுதான் எங்கள் ஊரில் வழக்கம். வெறும் பாடை வந்தால் என்ன செய்வது என்று எந்தத் தாத்தாவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் பாடை தாண்டிவிட்டது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ இங்க இன்னா பண்ற?"

"நான்தாம்பா சாவடிச்சேன்" என்று சொல்லிவிட்டு நானும் கூடவே நடந்துவிட்டேன்.

ஏரிக்கரைப் பள்ளத்தில் அவருடைய அம்மாவைப் புதைத்த மேடு, ஒரு வருஷத்து மழையில் கரைந்து தரையோடு தரையாகியிருந்தது. அக்கா அதன் மேல் மாலையைக் குவித்தார். குனிந்து, மண்ணைத் தட்டி, "ம்மா, இதான் வழி. காலு நனையாம வந்துட்டோம் பாத்துக்க" என்றார்.

சாயங்காலம் எல்லாருமே விழுப்புரம் போனோம். மேடையில் பெரிய நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தார்கள். வாழ்த்துரை, சிறப்புரை என்று போய்க்கொண்டே இருந்தது. இவர் பேர் வந்தபோது பார்த்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்து நல்ல தூக்கம். பஸ்ஸைத் தவிர, கையில் வேலை இல்லாமல் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். விழாத் தலைவர் எழுப்பப் போனார். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயில் விரலை வைத்து "உஸ்" என்றார்கள். சால்வையை அப்படியே போர்த்திவிட்டார். அக்கா தூக்கத்திலேயே அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பாராட்டுரையைத் தலைவர் மெல்லிய குரலில் வாசித்தார்.

மறுநாள் எதிர்பார்த்தது நடந்தது. காலனி ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று ஊரில் பேசிவிட்டார்கள். வெறும் பாடைக்கே இந்த இடம் கொடுத்தால் நாளைக்குப் பிணமே வரும் என்றார்கள். அறுவடை நேரம், வெளியூர் ஆளும் கிடைக்கவில்லை. மல்லாட்டை முற்றி நின்றது, ஒரு மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அப்பா தினமும் கொல்லைக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வருவார். என்னோடு பேச்சு இல்லை. காலனியில் ஒருவேளைக் கஞ்சியாகிவிட்டது. பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் என்னாலதான். பேசாம மன்னிப்புக் கேட்டுக்கினு ஓடையிலயே போயிடலாமான்னு இருக்கு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. 

ஒன்பதாம் நாள் விடிகாலையில் பாடை கட்டுகிற தாத்தா செத்துப்போனார். வயசான சாவு. நான் கடைக்குப் போகாமல் கேட்டருகே நின்றேன். அப்பா வெளியே வந்து ரோட்டு நடுவில் நின்றார். ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஓடைக்குத் திரும்புகிற இடத்தில் பாடை தூக்கி வந்த காலனி ஆட்கள் திரும்பவில்லை. நேராக வந்தார்கள். பாடையில் தாத்தா இருந்தார், முன்னால் அக்கா. 

அக்கா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் பாடையும் நின்றது. களை எடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்பாரே, அதே குரலில்தான் பேசினார்.

"இன்னாங்க, தாத்தாவ எறக்கிட்டு மத்தியானத்துக்குள்ள கொல்லைக்கு வந்துடறோம். இன்னிக்கே பாதியாவது புடுங்கிடலாம். அரை நாள் கூலி போட்டாப் போதும்."

 அப்பா பாடையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முதல் தூற்றல் அவர் முன்னங்கையில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே ஓரமாக நகர்ந்தார்.

"ஜல்தியா வாங்க" என்றார். "மழ வர்ற மாரி இருக்கு."

தாத்தா எங்கள் கேட்டைத் தாண்டிப் போனார்.